பேசிக்கொண்டே தட்டு ஊற்றியவர்

நோய் உண்டாக்கும் ஈஸ்ட்டில் ஆராய்ச்சி செய்யப்போகிறேன் என்று வீட்டில் சொன்ன அன்றே, அம்மா இட்லி மாவுப் பாத்திரத்தைத் தூக்கி ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் வைத்துவிட்டாள். எனக்கு எட்டாத உயரம் ஒன்றும் இல்லை. ஆனாலும் அது ஒரு அறிவிப்பு.

"அங்க கண்டதத் தொட்டுட்டு வந்து இங்க மாவுல கைய விட்டேன்னு வையி, நல்லா இருக்காது, சொல்லிட்டேன்" என்றாள்.

அப்போதுதான் எம்.எஸ்ஸி. முடித்து ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்திருந்தேன். புதுத் திமிர். சும்மா இருந்திருக்கலாம், விளக்கம் சொன்னேன். மாவைப் புளிக்க வைப்பவை வேறு, நான் பார்க்கப்போவது வேறு. இது எல்லோருடைய வாயிலும் குடலிலும் சாதுவாக இருந்துகொண்டு, உடம்பு தளர்ந்த நேரம் பார்த்து இரத்தத்தில் இறங்கிவிடும் வகை, பெயர் கேண்டிடா என்றேன். "எல்லார் வாயிலயும் இருக்கா?" என்று கேட்டவள், அன்று முதல் இரண்டு வேளையும் உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிக்க ஆரம்பித்தாள். மாவுத் தடை ஐந்து வருஷத்துக்கு மேல் நீடித்தது. அப்பா செய்தித்தாளுக்குப் பின்னால் சிரிப்பார். திருநெல்வேலியிலிருந்து ஹைதராபாத் ஏ.எஸ்.ராவ் நகருக்கு வந்து, மின்னணுத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் வேலை பார்த்ததில், வீட்டுச் சண்டை எதிலும் தலையிடாத பக்குவம் அவருக்கு வந்திருந்தது.

இப்போது அதே வீட்டில் நான்தான் மாவு அரைக்கிறேன். மறுநாள் காலையில் பாத்திரத்தைத் திறந்ததும் வருகிற அந்தப் புளித்த வாசனையில் எனக்கு இட்லி ஞாபகம் வருவதில்லை. ஊரின் மறுகோடியில், இரண்டு பஸ் மாறிப் போன அந்த ஆய்வகம்தான் ஞாபகம் வருகிறது. குறிப்பாக, அங்கிருந்த மீடியா ரூம்.

மீடியா ரூம் என்றால் ஈஸ்ட்டுக்குச் சமையல் செய்கிற இடம். சர்க்கரையும் சத்தும் சேர்த்து, கடற்பாசிப் பொடியைப் போட்டுக் காய்ச்சி, ஆட்டோகிளேவ் என்ற பெரிய குக்கரில் கிருமி போக வேகவைத்து, இளஞ்சூட்டில் வட்டத் தட்டுகளில் ஊற்ற வேண்டும். ஆறினால் ஜெல்லி மாதிரி உறையும். அதன்மேல்தான் ஈஸ்ட்டைத் தடவி வளர்ப்போம். எங்கள் ஆய்வகத்தில் இந்தச் சமையல் முழுவதும் ஒருவர் கையில் இருந்தது. எல்லோரும் அவரை 'அண்ணா' என்றுதான் கூப்பிட்டார்கள். தெலுங்கிலும் அதுவே, தமிழிலும் அதுவே.

அவர் தமிழர் என்பதே எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் பட்டாளத்தோடு வேலூர்ப் பக்கமிருந்து செகந்திராபாத் வந்த குடும்பம். வீடு லோத்குண்டாவில், ராணுவக் காம்பவுண்டு சுவரை ஒட்டி. ஒருநாள் போனில் அம்மாவிடம் நான் சண்டை போட்டதைக் கேட்டுவிட்டு, "இன்னாமா, கைக்கு அம்மாகூட இவ்ளோ கத்தறே?" என்றார். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கைக்கு என்றால் ஏன்; அது ஊர் உருது. அவருடைய தமிழில் அது மட்டுமா, ஆமாம் என்பதற்கு ஹவ், வேண்டாம் என்பதற்கு நக்கோ, இடையிடையே தெலுங்கு.

"ஏன்னு சொல்லுங்கண்ணா. கைக்குன்னா காலுக்குன்னு கேக்கத் தோணுது."

"நக்கோமா. நாலு தலமொறையா இப்பிடித்தான். இப்போ போயி மாத்த சொல்றியா?"

அதற்குப்பிறகு தினமும் பதினோரு மணிக்கு டிபன் டப்பாவோடு மீடியா ரூமுக்குப் போய்விடுவேன். மூலையில் கால் ஆடுகிற ஒரு ஸ்டூல் உண்டு, அது என் ஸ்டூல் ஆனது. ஆய்வகத்தில் ஐந்து பாஷை புழங்கியது. தமிழ் எனக்கும் அவருக்கும் மட்டும்தான். மாவுத் தடைக் கதையைச் சொன்னதிலிருந்து அவருடைய காலை வணக்கமே மாறிவிட்டது. நான் உள்ளே நுழைந்ததும், "இன்னாமா, அம்மா மாவுல கை வெக்க உட்டாங்களா?" என்பார். "இன்னும் இல்லண்ணா" என்பேன். ஐந்து நிமிஷ வேலைக்குப் போய் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பேன்.

அவர் ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதே ஒரு சுகம். கொதிக்கக் கொதிக்க வந்த குடுவையைக் குழந்தைக்குப் பால் சூடு பார்ப்பது மாதிரி மணிக்கட்டில் வைத்துப் பார்ப்பார். தாங்குகிற சூடு வந்ததும், மருந்துத் தட்டாக இருந்தால் பூஞ்சைக்கொல்லி மருந்தை அளந்து விடுவார். பிறகு இடது கை மூடியைத் திறக்க, வலது கை ஊற்ற, வாய் பேச, நூறு தட்டு முடிந்துவிடும். ஒரு குமிழி இருக்காது. முடித்ததும் ஒவ்வொரு முறையும் ஒரு தட்டை மட்டும் தனியே எடுத்து, அடியில் தேதி எழுதி, குளிர் அறையில் கீழ் அடுக்கில் வைப்பார்.

"கைக்குண்ணா ஒரு பிளேட்ட வேஸ்ட் பண்றீங்க?" என்று அவர் பாஷையிலேயே ஒருமுறை வம்புக்கு இழுத்தேன்.

"சாட்சிமா. நாளைக்கு எவனாச்சும் வந்து நீ ஊத்துனது சரியில்லன்னு சொன்னான்னா, நான் பேச வேணாம். அது பேசும்."

அந்த எவனாச்சும் நான்தான் என்று அன்றைக்கு யார் கண்டது.

என் ஈஸ்ட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரு நோயாளியின் இரத்தத்திலிருந்து வந்தது. ஃப்ளூகோனசோல் என்கிற மருந்தைக் கொடுத்தும் அடங்காதது. மருந்து கலந்த தட்டில் மற்ற ஈஸ்ட் எல்லாம் சுருண்டுவிட, இது மட்டும் மொழுமொழுவென்று வளரும். எந்த ஜீனால் இந்தத் திமிர் என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை. இதை எங்களுக்குச் சேகரித்துவைத்த சீனியர், மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசரில் இரண்டே இரண்டு சின்னக் குப்பிகளில் உறையவைத்துவிட்டு அமெரிக்காவுக்குப் பறந்துவிட்டார். ஒரு குப்பி நான் வரும்முன்னே தீர்ந்திருந்தது. மிச்சம் ஒன்று.

எங்கள் வீட்டில் தேய்ந்த சோப்புத் துண்டைப் புதுச் சோப்பின்மேல் ஒட்டித் தேய்ப்போம். அப்படி வளர்ந்தவள் கையில் ஒற்றைக் குப்பி கிடைத்தால் என்ன ஆகும்? ஒரே ஒரு முறை அதிலிருந்து துளி எடுத்தேன். அதன்பின் ஃப்ரீசர் பக்கமே போகவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் பழைய தட்டிலிருந்து ஒரு குச்சியால் கொஞ்சம் எடுத்து, மருந்து இல்லாத, சத்து நிறைந்த புதுத் தட்டில் இழுத்துவிடுவேன். கொழுத்த, வெண்ணெய் போன்ற கொத்தாகப் பார்த்துத்தான் எடுப்பேன். நாலு வாரத்துக்குமேல் இப்படி ஓட்டக்கூடாது, திரும்ப ஃப்ரீசருக்குப் போக வேண்டும் என்பது ஆய்வக விதி. ஃப்ரீசர் கதவிலேயே ஒட்டியிருந்தது. விதி எல்லாம் ஊதாரிகளுக்கு என்று நினைத்தேன். எட்டு மாதம் ஓட்டினேன். அதைப் பெருமையாக வேறு அண்ணாவிடம் சொல்லிக்கொண்டேன்.

சங்கராந்தி விடுமுறை முடிந்து வந்த வாரம், பெரிய சோதனைக்காக அவர் ஊற்றிய மருந்துத் தட்டுகளில் என் ஈஸ்ட்டைத் தடவினேன். இரண்டு நாள் கழித்துத் திறந்தால் தட்டு மொட்டையாக இருந்தது. ஒரு புள்ளி கிடையாது. அடுத்த மாதம் என் ஆய்வை மதிப்பிடும் குழுவின் முன்னால் நான் நிற்க வேண்டும்.

திங்கட்கிழமைதோறும் ஆய்வகக் கூட்டம். நீள மேசை, எட்டுப் பேர். அண்ணாவும் கடைசி நாற்காலியில் இருப்பார். எங்கள் பேராசிரியை கறாரானவர், குரல் உயர்த்தாமலே மனிதரை உட்காரவைப்பவர். ஏன் வளரவில்லை என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தால் நாக்கு முன்னால் ஓடும், புத்தி பின்னால் மூச்சிரைக்க வரும். "தட்டுகளில்தான் கோளாறு. மருந்து இரண்டு முறை விழுந்திருக்கும். அவர் பேசிக்கொண்டே ஊற்றுவார், நானே தினமும் பார்க்கிறேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

யாரோடு பேசிக்கொண்டே ஊற்றுவார் என்பதைச் சொல்லவில்லை.

பேராசிரியை அவரிடம் இந்தியில் கேட்டார். இல்லை மேடம், ஒரு தடவைதான் விட்டேன் என்றார். அந்த மருந்துத் தட்டை ஆய்வகத்தில் நான் ஒருத்திதான் பயன்படுத்தினேன். மறுத்துச் சொல்ல வேறு ஆளும் இல்லை. அன்று மதியமே அவரைக் கண்ணாடிச் சாமான் கழுவும் அறைக்கு மாற்றினார்கள். அவருடையது வருஷ ஒப்பந்தம். மார்ச்சில் பேராசிரியை ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருஷம் வேலை. இந்த மார்ச்சில் யோசிக்க வேண்டும் என்று பேராசிரியை சொன்னதாகச் சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

பஸ்ஸுக்குக் கிளம்பும்போது தாழ்வாரத்தில் நின்றிருந்தார்.

"ஃப்ரீசர்ல இருக்கற பழசுல கொஞ்சூண்டு எடுத்து, என் சாட்சி பிளேட்டுல ஒரு கோடு இழுத்துப் பாருமா. அது போதும் எனக்கு."

"இருக்கறது ஒரே குப்பிண்ணா. அத இதுக்கெல்லாம் தொட முடியாது."

'இதுக்கெல்லாம்' என்றுதான் சொன்னேன். அவர் "சரிமா" என்றார்.

மறுநாளிலிருந்து என் தட்டுகளை நானே ஊற்றினேன். வாயைத் திறக்காமல், மருந்தை மூன்று முறை சரிபார்த்து, பரீட்சை எழுதுகிற மாதிரி ஊற்றினேன். குமிழியும் கோணலுமாக வந்தது. ஈஸ்ட் அதிலும் வளரவில்லை. அப்போதாவது புரிந்திருக்க வேண்டாமா? மருந்தைக் கரைத்துவைத்த பாட்டில் அவர் தயாரித்தது, அதில்தான் தப்பு என்று முடிவு செய்தேன். புது பாட்டில் கரைத்தேன். வளரவில்லை. தண்ணீரில் தப்பு என்றேன். தண்ணீரை மாற்றினேன். இப்படியே மூன்று வாரம் போனது. கழுவும் அறையின் கண்ணாடி ஜன்னல் வழியாக அவர் முதுகு தெரியும். பதினோரு மணிக்கு என் டிபன் டப்பாவை என் மேசையிலேயே திறந்து, சாப்பிட முடியாமல் மூடுவேன்.

வீட்டில் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் அம்மாவிடம் புலம்பினேன். தட்டு சரியில்லை, மருந்து சரியில்லை, தண்ணீர் சரியில்லை என்று வரிசையாகச் சொன்னேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம்" என்றாள். அவளுக்கு அண்ணாவைப் பற்றி ஒன்றும் தெரியாது. சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னாள். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை. ஆய்வகத்தில் கூட்டம் குறைவு. குளிர் அறைக்குப் போய்க் கீழ் அடுக்கில் தேடினேன். அவர் தட்டுகள் வரிசையாக, தேதி வாரியாக, பிளாஸ்டிக் உறையில் இருந்தன. சங்கராந்திக்கு அடுத்த வாரத்துத் தட்டை எடுத்தேன். பிறகு ஃப்ரீசரைத் திறந்து அந்த ஒற்றைக் குப்பியை எடுத்தேன். உறைந்திருந்ததை உருகவிடாமலே குச்சியால் மேலே சுரண்டினால் போதும். வந்தது ஓர் உளுத்தம்பருப்பு அளவுகூட இல்லை. குப்பியில் குறைந்ததாகவே தெரியவில்லை. இதைத்தான் தொட முடியாது என்று சொல்லியிருந்தேன்.

தட்டின் ஒரு பாதியில் ஃப்ரீசர் ஈஸ்ட், மறு பாதியில் நான் வாரா வாரம் வளர்த்த ஈஸ்ட்.

திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் போனேன். தட்டைத் திறந்தேன். ஃப்ரீசர் பாதி வெள்ளைவெளேரென்று நிறைந்திருந்தது. என் பாதி மொட்டை. தட்டில் ஒரு குறையும் இல்லை. மருந்தும் சரியாக ஒரு முறைதான் விழுந்திருந்தது. மாறிப்போனது என் ஈஸ்ட்.

எப்படி மாறியது என்பது பிறகு டி.என்.ஏ.வை வாசித்துப் பார்த்தபோது தெரிந்தது. கேண்டிடாவுக்கு எட்டு ஜோடி குரோமோசோம்கள். நோயாளியின் உடம்பில் மருந்தோடு மல்லுக்கட்டிய காலத்தில் இந்த ஈஸ்ட் அவற்றில் ஒன்றை மட்டும் இரண்டுக்குப் பதில் மூன்றாக வைத்துக்கொண்டிருந்தது. மருந்தைச் சமாளிக்கிற ஜீன்கள் அதில்தான் இருந்தன. ஒன்றைக் கூடுதலாகச் சுமந்தால் வளர்ச்சி மெதுவாகும். மருந்து இருக்கும்வரை அந்தச் சுமைக்கு அர்த்தம் உண்டு. நானோ மருந்தே இல்லாமல் செல்லம் கொடுத்து வளர்த்தேன். சுமையைக் கழற்றிப் போட்ட செல்கள் வேகமாகப் பெருகின. நான் ஆசை ஆசையாகப் பொறுக்கி எடுத்த கொழுத்த கொத்துகள் எல்லாம் அவைதான். சிக்கனம் என்று நினைத்து எட்டு மாதம் என் கையாலேயே அந்தக் குணத்தைத் துடைத்து எறிந்திருக்கிறேன்.

அன்று காலை அந்தத் தட்டோடு நின்றபோது எனக்கு அவமானமாக இருந்தது. உண்மையைச் சொல்லவேண்டும் என்றால், உள்ளுக்குள் ஒரு குதூகலமும் இருந்தது. ஏதோ புதிதாகக் கண்டுவிட்டோம் என்ற குதூகலம். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

பத்தரைக்குக் கூட்டம். ஒன்பதரைக்கே பேராசிரியையின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். தட்டைக் காட்டினேன். தப்பு என்னுடையது என்றேன். அவர் கண் விரிந்தது. தட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது தவறு இல்லை, இது உன் தீசிஸ் என்றார். அண்ணா விஷயம் என்று இழுத்தேன். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அந்த வார்த்தை அன்று எனக்கு எவ்வளவு இனித்தது தெரியுமா? பத்தரைக்கு அதே மேசையில், அதே எட்டுப் பேர் நடுவில், கடைசி நாற்காலியில் அவர் இருக்க, நான் என் புதுக் கண்டுபிடிப்பைப் பற்றி மட்டும் பேசினேன். குற்றம் சொன்னது எட்டுப் பேர் முன்னால். ஒப்புக்கொண்டது சாத்திய கதவுக்குப் பின்னால்.

மறுநாள் அவர் மீடியா ரூமுக்குத் திரும்பினார். மார்ச்சில் கடிதத்தில் கையெழுத்தும் ஆனது. வேலை தப்பியது. ஏன் போனார், ஏன் வந்தார் என்று யாரும் சொல்லவில்லை. மேடம் மன்னித்துவிட்டார், பாவம் பழைய ஆள் என்று மதியச் சாப்பாட்டின்போது ஒருவர் சொன்னார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். செய்யாத தப்புக்கு மன்னிப்பு வாங்கிக்கொண்டவராக அவர் அங்கே நடமாடினார். நான் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன். வாயைத் திறந்தது சாப்பிட மட்டும்தான்.

அந்த வாரமே மீடியா ரூமுக்குப் போய் என் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவர் ஊற்றிக்கொண்டிருந்த குடுவையைக் கீழே வைத்தார். "ஜீ மேடம், குச் சாஹியே?" என்றார், ஏதாவது வேண்டுமா என்று. என்னிடம் அவர் இந்தி பேசியது அதுதான் முதல் தடவை.

"அண்ணா, தப்பு என்னோடதுதான். மேடம்கிட்ட சொல்லிட்டேன்."

"பாக்கி சப் கோ?" என்று மட்டும் கேட்டார். மற்றவர்களுக்கு?

நான் ஆடுகிற ஸ்டூலில் ஆடாமல் உட்கார்ந்திருந்தேன். அவர் காத்திருந்தார். பிறகு, "டீக் ஹை மேடம்", சரி மேடம் என்றார். நான் வெளியே போகும்வரை குடுவையைத் தொடவில்லை.

அதன்பிறகு நான் அங்கிருந்த இரண்டரை வருஷமும் அப்படித்தான். என் தட்டுகள் சொன்ன நேரத்துக்கு, சொன்ன எண்ணிக்கையில், குமிழி இல்லாமல் வரும். மேலே என் பெயர் எழுதிய சீட்டு இருக்கும். சாப்டாச்சாண்ணா என்றால் ஹோகயா மேடம். வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்றால் சப் டீக் மேடம். மற்றவர்களோடு சிரித்துப் பேசுவார். ஆனால் ஊற்றும்போது யாரோடும் பேசமாட்டார். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஊற்றுவார். எத்தனையோ திங்கட்கிழமை அந்த மேசையில் நின்று பேசினேன். ஒவ்வொரு தடவையும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று போவேன், சொல்லாமல் திரும்புவேன். நாள் ஆக ஆகச் சொல்வது கடினமாயிற்று. தீசிஸின் நன்றிப் பக்கத்தில் அவர் பெயரை அச்சடித்தேன். அந்தப் பக்கத்தை யார் படிக்கிறார்கள்?

பிறகு கல்யாணம், கல்லூரி வேலை, குழந்தை. இதே ஊர்தான், இதே வீடுதான். ஒவ்வொரு வருஷமும் வகுப்பில் மருந்து எதிர்ப்பு பற்றி நடத்தும்போது, இந்தக் கதையைச் சொல்வேன். தேவை இல்லாவிட்டால் செல் அதைக் கழற்றி வைத்துவிடும் என்று காட்ட இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. என் மகளின் தமிழும் அந்த ரகம்தான். நான் தமிழில் கேட்பேன், அவள் தெலுங்கில் பதில் சொல்வாள். ஆனால் வகுப்பில் ஒருநாளும் நான் என்று சொன்னதில்லை. ஒரு மாணவி ஒரு தவறு செய்தாள் என்றுதான் ஆரம்பிப்பேன். பையன்கள் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

போன மாதம் ஆய்வகத்தின் பழைய வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. அண்ணாவுக்கு வெள்ளிக்கிழமை வேலையில் கடைசி நாள், நாலு மணிக்குச் சின்ன விழா, முடிந்தவர்கள் வரவும். வணக்கம் போடுகிற கைகள் வரிசையாக விழுந்தன. நான் எதுவும் போடவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் லீவு சொல்லிவிட்டுப் போனேன். செகந்திராபாத்தில் பஸ் மாறும்போது திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு நிமிஷம் நின்றேன்.

அதே அறை, அதே நீள மேசை. கேக்கும் சமோசாவும் இருந்தன. பழைய எட்டில் வந்திருந்தது பேராசிரியையும் இன்னும் இருவரும். மற்றவை எல்லாம் புது முகங்கள். அண்ணா தோளில் சால்வையோடு, நடு நாற்காலியில், சங்கடமாக உட்கார்ந்திருந்தார். முடி முழுக்க நரைத்துவிட்டது. ஒவ்வொருவராகப் பேசினார்கள். அண்ணாவின் தட்டில் குமிழியே இருக்காது என்றார்கள். நானும் பேசவா என்று கேட்டு எழுந்தேன்.

எல்லோருக்கும் புரியட்டும் என்று இந்தியில் சொன்னேன். என் இந்தி ஹைதராபாத் இந்தி, அதுவும் பயத்தில் குழறியது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்த மேசையில் நின்று இவர் தட்டில் கோளாறு என்று நான் சொன்னேன், அது பொய். இவர் தட்டு சரி. தவறு முழுக்க என்னுடையது; அது எனக்குத் தெரிந்த பிறகும் இந்த மேசையில் நான் சொல்லவில்லை. இவர் பேசிக்கொண்டே ஊற்றுவார் என்று புகார் சொன்னேன். இவர் பேசியது என்னோடுதான். இவ்வளவுதான். மொத்தமே ஐந்தாறு வாக்கியம். புதுப் பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியவில்லை, சமோசாவைக் கையில் வைத்தபடி பார்த்தார்கள். பழையவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பேராசிரியை மேசையைப் பார்த்தார். அண்ணாவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவர் முறை வந்தபோது எல்லோருக்கும் இந்தியில் நன்றி சொன்னார். என் பக்கம் பார்க்கவில்லை.

சரி, நம் கடன் முடிந்தது, எதிர்பார்க்க நமக்கு என்ன உரிமை என்று பையை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்தேன். மீடியா ரூம் கதவு திறந்திருந்தது. அண்ணா எனக்கு முன்பே வந்து உள்ளே நின்றிருந்தார். சால்வையை மடித்து மேசையில் வைத்திருந்தார். அந்த ஸ்டூல் அதே மூலையில் கிடந்தது.

"இன்னாமா" என்றார். "அம்மா மாவுல கை வெக்க உட்டாங்களா?"

அவருக்குத் தெரியாது. தெரிந்திருக்க வழியும் இல்லை.

"அம்மா இல்லண்ணா. போயி மூணு வருஷம் ஆச்சு. இப்ப நான்தான் மாவு அரைக்கறேன்."

அவர் கழுவிக் கவிழ்த்திருந்த ஒரு குடுவையை எடுத்து, துணியால் துடைத்து, திரும்ப அதே இடத்தில் கவிழ்த்தார். என் அம்மாவை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. ஆனால் அவருக்குத் தெரிந்த அளவுக்கு அவளை அந்த ஆய்வகத்தில் வேறு யாருக்கும் தெரியாது.

"கைக்குமா இவ்ளோ லேட்டா வந்தே?" என்று கேட்டார்.

ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.